அம்மா சொல்லுக்குக் கூலி யார் தருவது?

பிள்ளை வளர்த்த அனுபவத்தை எழுத்தாகவும் ரீல்ஸாகவும் தரும் பெற்றோர், அதற்குக் காசு வாங்கலாமா? மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் ஓயாத வாதம் இது.

மாலை நாலரை மணி. லஸ் சர்ச் ரோடு நாகேஸ்வரராவ் பூங்காவில் வாக்கிங் கூட்டம் இன்னும் சேரவில்லை. மர நிழலில் ஒரு பெஞ்சு. அதில் மூன்றரை வயதுப் பையன், கையில் ராகி பிஸ்கட். எதிரே மூன்று கால் ஸ்டாண்டில் செல்போன்.

"கடிச்சுட்டு அம்மாவைப் பார்த்து சிரிடா தங்கம்... ஒரே ஒரு தடவை."

அது ஐந்தாவது 'ஒரே ஒரு தடவை'. பையன் பிஸ்கட்டை வாய் வரைக்கும் கொண்டுபோகிறான், போனைப் பார்க்கிறான், உதட்டை இறுக மூடிக்கொள்கிறான். பக்கத்து பெஞ்சுப் பெரியவர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இதுக்கெல்லாம் காசு குடுக்கறாளா?"

அந்தப் பெண் சிரித்தார். "சில பேர் குடுப்பா மாமா. பாதிப் பேர் பிஸ்கட்டுதான் குடுப்பா."

பெட்டி வரும், பணம் வராது

அவர் வீடு மந்தைவெளியில். பிள்ளை பிறந்த பிறகு ஐ.டி. வேலையை விட்டவர். குழந்தைக்கு முதல் பருப்பு சாதத்தை எப்படிக் குழைப்பது என்று விளையாட்டாகப் போட்ட வீடியோ ஓடியது. அடுத்தடுத்துப் போட்டார். இப்போது ராத்திரி பதினொரு மணிக்கு இன்பாக்ஸில் "அக்கா" என்று கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை, என்ன செய்ய? பாட்டிலை எப்படி நிறுத்துவது? மாமியார் உரை மருந்து கொடுக்கச் சொல்கிறார், கொடுக்கலாமா? தெரிந்ததைச் சொல்வார். தெரியாததற்கு, "டாக்டர்கிட்ட காட்டிடுங்க சிஸ்" என்பார். அதற்கெல்லாம் அவர் காசு கேட்டதில்லை.

கம்பெனிகளிடமிருந்து வரும் மெசேஜின் சுருதி வேறு. "ஹாய் மேம்! உங்க பேஜ் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரு பார்ட்டர் கொலாப் பண்ணலாமா?"

பார்ட்டர் என்றால் பண்டமாற்று. சில நூறு ரூபாய்க்குப் பிஸ்கட்டோ சோப்போ பெட்டியில் வரும். பதிலுக்கு ஒரு ரீல், இரண்டு மூன்று ஸ்டோரி போட வேண்டும். அந்த ரீலுக்குப் பின்னால் இருக்கும் வேலையை அவர் விரல் விட்டு எண்ணினார். காலையில் ஜன்னலோரம் வெளிச்சம் விழும் இடத்தை ஒதுக்க வேண்டும். பிள்ளை தூங்கி எழுந்து நல்ல மூடில் இருக்கும் அரைமணி நேரத்துக்குள் ஷூட்டிங்கை முடிக்க வேண்டும். மத்தியானம் எடிட்டிங். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வாய்ஸ் ஓவர். "லோகோ இன்னும் ரெண்டு செகண்ட் தெரியணும் மேம்" என்று அங்கிருந்து திரும்பி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. நாற்பது விநாடிக்கு ஒன்றரை நாள் உழைப்பு.

தி.நகர் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு வரும் மாடலிடம், "சம்பளத்துக்குப் பதிலா ரெண்டு சுடிதார் எடுத்துக்கோங்க" என்று யாராவது சொல்வார்களா? அம்மாவிடம் மட்டும் சொல்லலாம். ஏனென்றால் அது வேலையில்லையாம், 'வீட்டில் சும்மா இருக்கும்போது' செய்வதாம்.

இதில் வேடிக்கை, வருமான வரிச் சட்டம் இதை எப்போதோ வேறு மாதிரிப் பார்த்துவிட்டது. 2022 ஜூலை 1-ல் 194ஆர் பிரிவாக நடைமுறைக்கு வந்த விதியின்படி, தொழில் தொடர்பாக ஒருவருக்கு ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளோ சலுகையோ கொடுத்தால், கொடுப்பவர் 10% வரி பிடித்துக் கட்ட வேண்டும். சமூக ஊடகப் பிரபலங்களைப் பற்றியே நேரடி வரி வாரியம் அப்போது விளக்கமும் தந்தது: வீடியோ எடுத்து முடித்ததும் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பேச்சில்லை, வைத்துக்கொண்டால் அது ஆதாயம். விலை உயர்ந்த ஸ்ட்ரோலர் வண்டியைக் கம்பெனி 'அன்பளிப்பு' என்று சொல்லி அனுப்பலாம். வரித்துறையின் கண்ணுக்கு அது வருமானம்தான்.

புண்ணியத்துக்குச் செய்ய வேண்டியதா?

"பெத்த பிள்ளையை வளர்த்ததைச் சொல்றதுக்குக் காசா?" என்று முகம் சுளிப்பவர்கள் நம் ஊரில் மட்டுமில்லை. அமெரிக்காவில் ஹீதர் ஆம்ஸ்ட்ராங் என்ற பெண் 2001-ல் 'டூஸ்' என்ற பெயரில் வலைப்பதிவு எழுதத் தொடங்கினார். தாய்மையின் சோர்வையும் மனச்சோர்வையும் ஒளிக்காமல் எழுதி லட்சக்கணக்கான வாசகர்களைப் பெற்றார். 2004-ல் தன் பக்கத்தில் விளம்பரம் ஏற்றதும், அதுவரை கொண்டாடியவர்களிலேயே ஒரு கூட்டம் அவரைத் திட்டித் தீர்த்தது.

நமக்கு இதில் ஐம்பது வருடம் மூத்த முன்னோடி ஒருவர் இருக்கிறார். எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். குடும்பத்துப் பெண்கள் கல்யாணமாகிப் போன ஊரிலிருந்தெல்லாம் சாம்பாருக்கும் ஊறுகாய்க்கும் பக்குவம் கேட்பார்கள், அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். "இதையெல்லாம் புத்தகமாகப் போடேன்" என்று ஊக்கப்படுத்தியவர் உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். 1951-ல் 'சமைத்துப் பார்' சென்னையில் வெளிவந்தது. பதிப்பாளரும் மீனாட்சி அம்மாளே. அதுவரை இலவசமாகச் சொன்ன பக்குவத்துக்கு அவர் ஒரு விலை போட்டார். ஊர் அதைத் தப்பாக நினைக்கவில்லை. புதுப்பெண்ணின் பெட்டியில் வைத்து அனுப்பியது.

அதற்கும் முன்பே திருவல்லிக்கேணியில் வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். பிற்பாடு பெண்கள் பத்திரிகைகள் பெருகியபோது, கைக்குழந்தையின் சளிக்குக் கைவைத்தியம், அடிபிடித்த பாத்திரத்துக்கு உபாயம் என்று போஸ்ட்கார்டில் எழுதிப்போட்டு மணியார்டர் வாங்கிய ஒரு தலைமுறை வந்தது. அடையாறில் இருந்த என் பெரியம்மா, மணியார்டரோடு வந்த கூப்பன் துண்டைப் பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்திருந்தார். பணம் அன்றைக்கே காய்கறிக்குப் போயிருக்கும். 'உனக்குத் தெரிந்ததற்கு ஒரு மதிப்பு உண்டு' என்று அவர் பெயருக்கு வந்த ஒரே காகிதம் அந்தக் கூப்பன்தான்.

அந்த மதிப்பை இப்போது அரசும் கோர்ட்டும் பேசுகின்றன. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவது தெரிந்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்குத் தமிழக அரசு வைத்த பெயர் உதவித்தொகை இல்லை, மகளிர் உரிமைத்தொகை. வீட்டுக்குள் செய்யும் வேலைக்கே மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு, அந்த வேலையின் அறிவை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பதற்குக் கூலி கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

ஆக, வாங்கலாம். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. தயக்கம் அடுத்த படியில் தொடங்குகிறது. மீனாட்சி அம்மாளுக்குக் காசு கொடுத்தவர் புத்தகத்தை வாங்கியவர். புளியைக் கூட்டிச் சொல்லியிருந்தால் அவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். மந்தைவெளி அம்மாவை ராத்திரி பதினொரு மணிக்கு எழுப்புகிறவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர்.

கச்சேரி ரோட்டுக் கல்லா

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் நூறாண்டைத் தாண்டிய நாட்டு மருந்துக் கடை ஒன்று உண்டு. டப்பா செட்டி கடை என்றால் தெரியாதவர் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிளற வேண்டும் என்று இந்த மாதிரிக் கடையில் போய்க் கேட்டால் சுக்கு, திப்பிலி, ஓமம் என்று பொட்டலம் கட்டித் தருவார்கள். எப்படி வறுக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்ற பக்குவம் இலவசம். அந்த யோசனையை நாம் சந்தேகப்படுவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் இல்லை. சொல்கிறவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று சொல்கிறார், சுக்கு விற்றால் அவருக்கு லாபம் என்று நமக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறோம்.

ரீலில் அந்தக் கல்லா தெரிவதில்லை. அம்மா தன் வீட்டு அடுப்படியில் நிற்கிறார், இடுப்பில் குழந்தை. "என் பொண்ணுக்கு இதைத்தான் குடுக்கறேன்" என்கிறார். அது தோழியின் குரல். அந்தக் குரலுக்குத்தான் கம்பெனி காசு கொடுக்கிறது.

கல்லாவைக் காட்டு என்றுதான் விதிகளும் சொல்கின்றன. இந்திய விளம்பரத் தர மன்றத்தின் வழிகாட்டுதல் 2021 ஜூன் 14-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. காசு மட்டுமில்லை, இலவசப் பொருள் வாங்கியிருந்தாலும் பார்க்கிறவர் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் இதையே வலியுறுத்தியது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தவருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். நடைமுறையில், இருபது ஹேஷ்டேகுக்கு நடுவில் பொடி எழுத்தில் 'ஏடி' என்று இரண்டெழுத்து ஒளிந்திருக்கும். நாற்பது விநாடியும் தமிழில் பேசுகிறவர், "இதுக்கு நான் காசு வாங்கியிருக்கேன்" என்ற நாலு வார்த்தையை மட்டும் ஏன் தமிழில் சொல்லக் கூடாது?

காசு வாங்காதவரின் சொல்லுக்கு என்ன பலம் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர், போர்ன்விட்டாவில் இருக்கும் சர்க்கரை பற்றி ஒரு வீடியோ போட்டார். வக்கீல் நோட்டீஸ் வந்தது, வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் பேச்சு அடங்கவில்லை. அந்த ஆண்டு இறுதிக்குள் சேர்க்கும் சர்க்கரையைக் கம்பெனி சுமார் 14% குறைத்தது. 2024 ஏப்ரலில் இதுபோன்ற பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' வரிசையில் வைத்து விற்கக் கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னது. அந்தக் கம்பெனியிடம் மாதாமாதம் பெட்டி வாங்கும் ஒருவரால் அந்த வீடியோவைப் போட்டிருக்க முடியுமா?

அதற்காக இலவசமாகச் சொல்வதெல்லாம் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். உரை மருந்தை இழைத்துப் பச்சைக் குழந்தைக்குப் புகட்டச் சொல்லும் பாட்டி காலணா வாங்குவதில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காசு வாங்காததால் ஒரு யோசனை சரியாகிவிடாது, வாங்கியதால் தவறாகியும் விடாது. சரிபார்ப்பது நம் வேலை. அதற்கு, யார் தட்டில் யார் சாப்பிடுகிறார் என்று தெரிந்தாக வேண்டும்.

டப்பாவில் கூடாத குழந்தை

காசு வாங்கவே கூடாத ஓர் இடமும் உண்டு. பல அம்மாக்களுக்கு இது தெரியாது. தெரிந்த கம்பெனிகள் வாயைத் திறப்பதில்லை.

பால்பவுடர் டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். கொழுகொழு குழந்தையின் படமோ, தாயின் படமோ அதில் இருக்காது. மறந்துபோய் விட்டதில்லை. 1992-ல் வந்த குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள் சட்டம் அதைத் தடை செய்கிறது. படத்தைப் பார்த்து, 'இது குடித்தால் நம் பிள்ளையும் இப்படி ஆகும்' என்று தாய்ப்பாலை நிறுத்திவிடக் கூடாது என்பதே காரணம். 2003-ல் இந்தச் சட்டம் இன்னும் இறுகியது. பால்பவுடர், பாலூட்டும் பாட்டில், ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரைக்கும் தாய்ப்பாலோடு தரும் உணவு என்று விற்கும் பொருட்கள் எதற்கும் விளம்பரம் கூடாது. கம்பெனி மட்டுமில்லை, எவருமே விளம்பரம் செய்யக் கூடாது, விளம்பரத்தில் பங்கெடுக்கவும் கூடாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறைக்கும் இடமுண்டு.

இப்போது ரீல்ஸைத் தள்ளிப் பாருங்கள். எட்டு மாதக் குழந்தை, சப்புக்கொட்டிச் சாப்பிடும் கஞ்சி மாவு, அம்மாவின் சிரிப்பு, கீழே தள்ளுபடி கோடு. டப்பாவின் மேல் ஒட்டக் கூடாத படம் டப்பாவை விட்டு இறங்கி, உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறது. கம்பெனி விளம்பரம் செய்யவில்லை, 'ஓர் அம்மா தன் அனுபவத்தைப் பகிர்ந்தார்', அவ்வளவுதான். வழக்கு என்று வந்தால் கோர்ட் படியில் முதலில் நிற்கப்போவது யார் என்று, பெட்டியைப் பிரிக்கும் முன் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது ஆளின் பங்கு

இதுவரை கொடுப்பவரையும் வாங்குபவரையும் பேசினோம். ஐந்து தடவை பிஸ்கட்டைக் கையில் எடுத்தவனைப் பேசவில்லை.

சினிமாவிலோ சீரியலிலோ ஒரு குழந்தை நடித்தால் நம் சட்டத்தில் கணக்கு உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20% அந்தக் குழந்தையின் பெயரில் தேசியமயமான வங்கியில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். அதே சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதை அனுமதிக்கிறது. வீட்டு ஹாலில் அம்மா எடுக்கும் ரீல் படப்பிடிப்பா, குடும்பத் தொழிலா? கலெக்டர் ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு யாரும் ரீல்ஸ் எடுப்பதில்லை.

வெளியூரில் இந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். பிரான்ஸ் 2020 அக்டோபரில் சட்டம் கொண்டுவந்தது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வீடியோக்களில் ஈட்டும் பணம் அவர்கள் பெயரில் முடக்கி வைக்கப்படும். பிள்ளையே கேட்டால் வீடியோவை நீக்க வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிள்ளை வீடியோவில் வந்தால் வருமானத்தில் ஒரு பங்கை அந்தப் பிள்ளைக்காக ஒதுக்கியாக வேண்டும். அந்தச் சட்டத்துக்கு முதல் பொறியாக இருந்தவர் ஷ்ரேயா நல்லமோத்து, அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி மாணவி. தன் தொகுதி செனட்டருக்கு எழுதினார், சட்டமானது.

நம் ஊரில் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெண் குழந்தைக்கு செல்வமகள் கணக்கோ, யாராக இருந்தாலும் வங்கியில் ஒரு டெபாசிட்டோ போட அரைநாள் போதும். சினிமாவுக்குச் சொன்ன 20% வீட்டுக்கும் பொருந்தட்டும். பணத்தை விடக் கஷ்டமானது இரண்டாவது விஷயம். டயப்பர் கழற்றும் பயிற்சியையும், அடம்பிடித்துத் தரையில் புரண்டதையும் லட்சம் பேர் பார்த்தாகிவிட்டது. அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பில் நுழையும் நாளில் பக்கத்து பெஞ்சுக்காரன் அதைத் தேடி எடுத்துக் காட்டுவான். அதற்கு எந்த பேங்க்கிலும் டெபாசிட் போட முடியாது.

நம் பையில் என்ன இருக்கிறது?

இந்தக் கட்டுரையைப் படிக்கிற நாமும் இதில் ஒரு கட்சிதான். அன்று ஒரு பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கினோம், அந்தக் காசில் ஒரு துளி பெரியம்மாவின் மணியார்டராகப் போனது. இன்று ராத்திரி பதினொரு மணிக்கு அக்காவை எழுப்புகிறோம், பதிலுக்கு ஒரு இதயம் அனுப்புகிறோம். நாம் கொடுக்காத கூலியைக் கம்பெனி கொடுக்கிறது. பிறகு, "அக்கா முன்ன மாதிரி இல்ல, எல்லாம் ப்ரமோஷன்" என்று அலுத்துக்கொள்கிறோம்.

யூடியூப் காசு கொடுக்காதா என்றால், 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்த பிறகுதான் வழக்கமான வீடியோக்களின் விளம்பரப் பங்குக்குக் கதவு திறக்கும். அந்தக் கதவும் நம்முடையதில்லை. 2020 ஜூன் 29-ல் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் பல்லாயிரம் பேரைச் சேர்த்து வைத்திருந்த அம்மாக்கள் மறுநாள் காலை வெறுங்கையோடு எழுந்தார்கள். கோதைநாயகி அம்மாளுக்குச் சொந்தப் பத்திரிகை இருந்தது. மீனாட்சி அம்மாள் தன் புத்தகத்துக்குத் தானே முதலாளி. இன்றைய அம்மா அடுத்தவன் மனையில் கோலம் போடுகிறார்.

சொந்த மனைக்கு வழி இல்லாமலில்லை. கட்டணம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கலாம், சின்ன மின்நூல் போடலாம், சந்தா வைக்கலாம். காசு வாசிக்கிறவர் கையிலிருந்து வந்தால், எழுதுகிறவரின் முகம் வாசிக்கிறவர் பக்கம் திரும்பும். வருமானம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் கஞ்சி மாவு பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

பெட்டிச் செய்தி: கையெழுத்துப் போடும் முன்

* பொருளுக்குப் பொருள் என்றாலும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை ரீல், எத்தனை திருத்தம், பணம் எந்தத் தேதிக்குள் வரும் என்பது அதில் இருக்கட்டும்.
* காசோ பெட்டியோ வாங்கியதை வீடியோவின் முதல் சில விநாடிக்குள் தமிழில் சொல்லுங்கள்.
* இரண்டு வயது வரையிலான குழந்தை உணவு, பால்பவுடர், பாட்டில் விளம்பரமா? எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.
* வந்த பொருட்களின் விலையையும் குறித்து வையுங்கள், வரிக் கணக்கில் வரும்.
* 'குழந்தைக்கு விருப்பமில்லை என்றால் தேதி தள்ளிப்போகும்' என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுக்கும் கம்பெனிக்கு உங்கள் பிள்ளை வெறும் பொருள்.

பூங்காவில் வெளிச்சம் மங்கிவிட்டது. வாக்கிங் கூட்டம் சுற்றத் தொடங்கிவிட்டது. ஏழாவது தடவையும் பையன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலைக்குள் வீடியோ போக வேண்டும். இந்தத் தடவை பெட்டியோடு பணமும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டாண்டை மடக்கிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

ஜிப் சத்தம் கேட்டதும் பையன் பெஞ்சிலிருந்து இறங்கினான். பிஸ்கட்டைப் பாதியாக உடைத்தான். ஒரு பாதி தன் வாய்க்குப் போனது. இன்னொரு பாதியைப் பக்கத்து பெஞ்சுத் தாத்தாவிடம் நீட்டினான்.

"நன்னாத்தான் இருக்கு," என்றார் பெரியவர். காசு வாங்காமல்.